ஐந்து தீவு, ஐந்து எண்: புதிய மாணவர்களை ஆன்லைன் விளையாட்டு வழியாக நூலகத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

ஜூன், ஜூலையில் முதலாமாண்டு மாணவர்களை வரிசையாக நூலகத்துக்குள் அழைத்துவந்து, அரை மணி நேரம் பவர்பாயின்ட் காட்டி, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு அனுப்புவது பெரும்பாலான கல்லூரிகளில் வழக்கம். யாரும் கை தூக்குவதில்லை. செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அதே மாணவர் கவுன்டரில் வந்து நின்று, "சார், கார்டு எங்க வாங்கணும்?" என்பார்.

விளையாட்டு இதைச் சரிசெய்யும். ஆனால் எல்லா விளையாட்டும் அல்ல. "நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்? அ, ஆ, இ, ஈ" என்று கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் பத்துக் கேள்வி போட்டால் அதுவும் அந்த பவர்பாயின்ட்தான், கூடவே கொஞ்சம் பாட்டு ஓடும். மாணவரின் கை நூலக வேலையைச் செய்தாக வேண்டும்: தேட வேண்டும், அலமாரி வரை நடக்க வேண்டும், புத்தகத்தைத் திறக்க வேண்டும், தன் கணக்கில் நுழைந்து ரினியூ செய்ய வேண்டும். அந்த வேலையை முடித்தால் மட்டுமே கையில் கிடைக்கிற ஓர் எண்தான் விடையாக இருக்க வேண்டும். கூகுளில் தேடினாலோ பக்கத்து அணியைக் கேட்டாலோ கிடைத்துவிடும் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கீழே இருப்பது ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் பக்கக் கல்லூரி நூலகம் ஒன்று செலவில்லாமல் கட்டக்கூடிய விளையாட்டு. ஒரு பீரியடுக்குள், அதாவது 50 நிமிடத்துக்குள், முடியும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இரண்டு மணி நேரம் இழுக்கிற விளையாட்டு அந்த விதிக்கே எதிரானது.

முதலில் கவுன்டரில் ஒரு நோட்டு வையுங்கள்

விளையாட்டில் என்ன வைப்பது என்று நூலகர் தன் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு வாரத்துக்குக் கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து, மாணவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "மேடம், வீட்ல இருந்து படிக்க முடியுமா?", "அண்ணே, இந்த புக்கு இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, ரேக்ல இல்லையே." அதிகம் திரும்பி வருகிற ஐந்தை மட்டும் எடுங்கள். ஆறாவது ஆசையாக இருந்தாலும் வேண்டாம்.

பெரும்பாலும் மிஞ்சுவது இவைதான்: தன் கணக்கில் நுழைவது, ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) தேடுவது, அலமாரியில் கண்டுபிடிப்பது, கிடைத்த தகவலை நம்பலாமா என்று பார்ப்பது, இணையத்தில் ஆய்வேடும் மின்னூலும் எடுப்பது.

கதை மெல்லியதாக இருந்தால் போதும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. மண்டபத்திலிருந்து மேற்கே போகிற வரிசையில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, பூவரசன்பட்டி, நல்லதண்ணி. ஒரு தீவுக்கு ஒரு வேலை, ஒரு எண். ஐந்து எண்ணையும் சேர்த்துக் கவுன்டரில் சொன்னால் கரை சேர்ந்தாயிற்று. பூவரசன்பட்டி கடலில் மூழ்கிப்போன தீவு. நம்பத்தகாத தகவலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. விசைப்படகு, கப்பல், கடற்கொள்ளை என்று பெரிய கதை எழுத ஆரம்பித்தால் மாணவர்கள் கதையை வாசிப்பதிலேயே பத்து நிமிடத்தைத் தொலைப்பார்கள்.

எதில் கட்டுவது?

கூகுள் ஃபார்ம்ஸ் போதும். கிளைக்கதை கட்டும் மென்பொருளான ட்வைன் அழகாக இருக்கும். ஒரே கோப்பாக வெளிவரும், அதைக் கல்லூரித் தளத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் அதைப் பழகிய நூலகர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் தொட மாட்டார். மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளம் ஏற்கெனவே ஓடுகிற கல்லூரியாக இருந்தால், அதில் ஊடாடும் பயிற்சி கட்டும் எச்5பி செருகியைப் பார்க்கலாம். கஹூட் போன்றவை எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திரையைப் பார்க்கிற இடத்துக்கு உரியவை. அலமாரிக்கு நடந்துபோகிற விளையாட்டுக்கு அவை ஒத்துவராது.

ஐந்து தீவையும் ஒரே ஃபார்முக்குள் பகுதி பகுதியாக அடுக்கத் தோன்றும். வேண்டாம். பாதியில் சிக்னல் போனாலோ, கைதவறிப் பக்கத்தை மூடினாலோ, கூகுள் கணக்கில் நுழையாமல் ஆடுகிறவருக்கு எல்லாம் அழிந்து முதலிலிருந்து வரும். தீவுக்கு ஒரு தனி ஃபார்ம் போடுங்கள். நிரப்பி அனுப்பியதும் வருகிற உறுதிச் செய்தியில் "உங்கள் எண் 7" என்று ஓர் இலக்கம் காட்டட்டும். எல்லாத் தீவின் கியூஆர் குறியீடும் அச்சடித்த ஒரே சீட்டில் இருக்கும். எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் ஒரே அலமாரி முன்பு ஆறு அணி நின்று முட்டாது.

எத்தனை ஃபார்ம் தேவை என்று கணக்கிட்டுவிடுவோம். குருசடையில் எண்ணைக் கவுன்டர் ஊழியரே எழுதிக் கொடுப்பார், ஃபார்ம் வேண்டாம். முயல் தீவுக்கும் அப்பா தீவுக்கும் சிவப்பு, நீலம், பச்சை என மும்மூன்று வடிவம். மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. மூன்று வடிவம் ஏன் என்றால், முதல் குழு வெளியே போன பத்தாவது நிமிடம் விடை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். நிறத்துக்கு நிறம் விடையும் இலக்கமும் மாறினால் அந்த ஃபார்வர்டு பாதிக்கு மேல் உதவாது.

ஒவ்வொரு ஃபார்மிலும் செய்ய வேண்டியது இது:

1. கேள்வி வகையாக "ஷார்ட் ஆன்சர்" எடுங்கள். "ரெக்கொயர்டு" பொத்தானைப் போடுங்கள். இல்லாவிட்டால் விடை எழுதாமலே கடந்துவிடுவார்கள்.
2. மூன்று புள்ளிக்குள் "ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்" திறந்து, "நம்பர்", "ஈக்குவல் டு" தேர்ந்து, விடையைப் போடுங்கள்.
3. அதன் பக்கத்தில் பிழைச் செய்திக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் "தவறு" என்று எழுதாதீர்கள், குறிப்பு எழுதுங்கள்: "புத்தகத்தின் முதுகில் அல்ல, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள்."
4. மின்னஞ்சல் சேகரிப்பு, ஒருவருக்கு ஒரு விடை என்ற கட்டுப்பாடு இரண்டையும் அணைத்து வையுங்கள். இரண்டாவது இருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வியும் அப்படியே.
5. அமைப்புகளில் உறுதிச் செய்தியை மாற்றி இலக்கத்தை எழுதுங்கள்.

விடை எண்ணாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. தமிழில் விடை கேட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாகப் படும். "கொ" என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரும், தனித்தனி இரண்டு குறியாகவும் வரும். எது வரும் என்பது மாணவரின் கீபோர்டு ஆப்பைப் பொறுத்தது. "ஸ்ரீ"யும் இப்படித்தான். கடைசியில் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளி போதும், சரியான விடை தப்பாகிவிடும். அந்த மாணவர் சரியாகச் செய்தும் தோற்பார். பிறகு நூலகத்தையே நம்ப மாட்டார். எண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, ஃபார்மின் மூலநிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு விடை உள்ளேயே கிடைக்கும். கணினி அறிவியல் மாணவர் யாராவது கண்டுபிடிப்பார். பரவாயில்லை, அடுத்த ஆண்டு விளையாட்டைக் கட்ட அவரைப் பிடித்துப் போடுங்கள்.

குருசடை: கணக்கும் ரினியூவும்

அணிக்கு ஒரு புத்தகத்தை, அணியில் ஒருவர் பெயரில், கவுன்டரில் பதிந்து கொடுங்கள். அவர் ஓபேக்கில் தன் கணக்கில் நுழைந்து அதை ரினியூ செய்து, மாறிய கெடு தேதியை ஊழியரிடம் காட்ட வேண்டும். தேதி நாளுக்கு நாள் மாறும் என்பதால்தான் இதற்கு ஃபார்ம் இல்லை. புது மாணவர் கவுன்டரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதும் இங்கேதான் நடக்கிறது.

கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிற நூலகத்தில் மூன்று இடத்தில் இது மாட்டிக்கொள்ளும். ஓபேக் வழி ரினியூ செய்யும் அனுமதியே அணைந்திருக்கலாம். கெடு தேதிக்கு இத்தனை நாள் முன்புதான் ரினியூ செய்யலாம் என்று புத்தகம் கொடுத்து வாங்கும் விதிகளில் ஒரு எண் இருக்கலாம். அப்போது அன்றே எடுத்த புத்தகம் ரினியூ ஆகாது. மூன்றாவது, புதுத் தேதி இன்றிலிருந்து கணக்கிடப்படுகிறதா, பழைய கெடு தேதியிலிருந்தா என்ற அமைப்பு. இன்றிலிருந்து என்று இருந்தால் தேதி நகராது, மாணவர் குழம்புவார். முன்தினமே ஒரு சோதனைக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். கடவுச்சொல்லும் முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும். விளையாட்டு நாளில் நூறு பேருக்குக் கடவுச்சொல் போடுகிற கொடுமை வேண்டாம்.

முயல் தீவும் அப்பா தீவும்: தேடலும் அலமாரியும்

50 நிமிடத்தில் இருபதை இந்த இரண்டுக்கும் கொடுங்கள். தேடலுக்கு எட்டு நிமிடம், அலமாரிக்குப் பன்னிரண்டு.

முயல் தீவின் கேள்விக்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் ட்யூயி பகுப்பில் மீன் ஒரே அலமாரியில் இல்லை. உயிரியலாக 597, பிடிக்கிற தொழிலாக 639.2, சமைப்பதாக 641.692. "மீன் பற்றிய மூன்று புத்தகத்தை ஓபேக்கில் தேடி, மூன்றின் பகுப்பு எண்ணிலும் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்களைக் கூட்டுங்கள்" என்று கேட்கலாம். 597-உம் 639-உம் 641-உம் சேர்ந்தால் 1877. பொருள் ஒன்றானாலும் பார்வை மாறினால் இடம் மாறும் என்பது கூட்டல் போடுகிற நேரத்திலேயே விளங்கிவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் உப்பு, பனை, தோணி என்று உங்கள் நூலகத்தில் இருப்பதைப் பார்த்து மாற்றுங்கள். எந்தப் புத்தகம் என்று தலைப்பைத் திட்டமாகக் கொடுத்துவிடுங்கள். ஒரே பொருளில் வேறு எண் உள்ள புத்தகம் அகப்பட்டால் கூட்டல் பிசகும்.

தமிழ்ப் புத்தகத்தைத் தேடச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. பல நூலகங்களில் பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. ஆங்கில எழுத்திலும் ஒழுங்கு இல்லை: ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று அடித்திருப்பார், இன்னொருவர் எல் என்று. கீழக்கரைக்கே பெயர்ப்பலகைகளில் இரண்டு மூன்று விதம் உண்டே! இதை மறைக்காமல் விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள். தமிழில் தேடிச் சுழியம் வந்தால், ஆசிரியர் பெயரைப் போட்டு, அல்லது சொல்லின் முதல் நான்கு எழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடச் சொல்லிப் பிழைச் செய்தியில் குறிப்புக் கொடுங்கள். அந்த ஒரு பழக்கம் மூன்று வருடத்துக்கும் உதவும்.

அப்பா தீவில் அவர்கள் அலமாரிக்குப் போகிறார்கள். 551.46 கடலியல். 551.5 வானிலை. கடலியல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால், 46 பெரியது, 5 சிறியது என்று நினைத்து வானிலைக்கு வலப்பக்கம் தேடுவார்கள். அங்கே இருக்காது. "கம்ப்யூட்டர்ல இருக்கு, ரேக்ல இல்ல" என்ற புகாரில் கணிசமான பங்கு இந்தப் புள்ளியால் வருவது. ஆகவே தேட வைக்கிற புத்தகத்தை இந்த எல்லையிலேயே தேர்ந்தெடுங்கள். விடையாக, அந்தப் புத்தகத்தின் உள்ளே முத்திரையிட்ட சேர்க்கை எண்ணின் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தருகிற தனி எண்) கடைசி மூன்று இலக்கம்.

இங்கே கெட்டுப்போவது பல. ஒரே பிரதி உள்ள புத்தகத்தை வைத்தால், யாராவது எடுத்துப் போய்விட்ட அன்று விளையாட்டு நின்றுவிடும். அந்த வாரத்துக்கு மூன்று நிறத்துக்கும் உரிய மூன்று புத்தகத்தையும் "வெளியே தருவதில்லை" என்று கோஹாவில் நிலை மாற்றிவிடுங்கள். பல பிரதி இருந்தால் சேர்க்கை எண்ணும் பலவாக இருக்கும், சரியான விடையும் பலவாகிவிடும். ஒன்றை மட்டும் அலமாரியில் விட்டு மற்றதை உள்ளே எடுத்து வையுங்கள். பார்த்த புத்தகத்தை மாணவர்கள் கைபோன இடத்தில் செருகுவார்கள். "மேசையில் வையுங்கள், அலமாரியில் செருகாதீர்கள்" என்று அட்டை மாட்டி, ஓர் ஊழியர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அணிக்குப் பிறகும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போனால் அடுத்த அணி திண்டாடும்.

பூவரசன்பட்டி: நம்பலாமா?

கடற்பசுவை வைத்து ஒரு சின்னப் பொறி. பாக் விரிகுடாவில் தமிழ்நாடு அரசு 2022-இல் கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தது; 448 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரம். நீங்களே ஒரு போலி வாட்ஸ்அப் ஃபார்வர்டு தயாரியுங்கள்: மாவட்டத்தை ராமநாதபுரம் என்றும் பரப்பை இரண்டு மடங்காகவும் எழுதி, கீழே "அனைவருக்கும் பகிரவும்". அதன் அருகில் தேதியில்லாத வலைப்பதிவு ஒன்று, அரசு அறிவிப்பின் படம் ஒன்று. எதை மேற்கோள் காட்டுவீர்கள்? இங்கே மட்டும் "மல்டிபிள் சாய்ஸ்" கேள்வி. விடையைப் பொறுத்து எந்தப் பகுதிக்குப் போவது என்ற வசதி இந்த வகையிலும் கீழ்விரி பட்டியலிலும்தான் உண்டு. ஃபார்வர்டைத் தொட்டவருக்கு "தீவு மூழ்கிவிட்டது" என்ற பக்கம் வந்து, என்ன பார்த்திருக்க வேண்டும் என்று இரண்டு வரியில் சொல்லித் திருப்பி அனுப்பும். சொந்த ஊர்ப் பெருமைக்காகவே பலர் ஃபார்வர்டைத் தொடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அது போலி என்று பெரிய எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஊர் சுற்றும்.

இரண்டாவது கேள்வி: மூன்று புத்தகப் பெயர்; அதில் ஒன்று ஏஐ சாட்பாட் இட்டுக்கட்டுவது போல நீங்கள் இட்டுக்கட்டியது. ஓபேக்கில் தேடி, இல்லாததைச் சொல்ல வேண்டும்.

நல்லதண்ணி: வீட்டிலிருந்து படிப்பது

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பார்க்கக் கணக்குத் தேவையில்லை, அதனால் விளையாட்டுக்கு அதுதான் வசதி. அழகப்பா பல்கலைக்கழக ஆய்வேடுகளில் பாக் விரிகுடா பற்றிய ஒன்றை நீங்கள் முன்பே தேர்ந்து, அது முடிந்த ஆண்டைக் கேளுங்கள். விவரப் பக்கத்திலேயே ஆண்டு இருக்கும். உள்ளே இருக்கிற அத்தியாயத்திலிருந்து கேள்வி கேட்காதீர்கள். ஸ்கேன் செய்த பெரிய கோப்பு இறங்குவதற்குள் அன்றைய டேட்டா தீரும். தமிழ் இலக்கிய மாணவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வைக்கலாம்.

கல்லூரிகளுக்கு மின்னூலும் மின்னிதழும் தருகிற என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினராக இருக்கிற கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கைக் கல்லூரி நிர்வாகிதான் உருவாக்க வேண்டும். முதலாமாண்டுப் பட்டியல் கையில் வந்ததும் அதைச் செய்யுங்கள். வரும் மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும் என்றும் சொல்லிவையுங்கள். கணக்கு வராதவர்கள் ஒருவர் இருந்தாலும் அதை விளையாட்டின் கட்டாயப் பகுதியாக்க வேண்டாம். அரசுக் கல்லூரிகளுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரு நாடு ஒரு சந்தா" வழியாகவும் ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. முதலாமாண்டுக்கு அது பெயர் தெரிந்தால் போதும்.

ஓட்டும் நாள்

ஒரு குழுவுக்கு 24 பேர்: நால்வர் கொண்ட ஆறு அணி. 150 மாணவர் என்றால் ஏழு குழு, ஒரு வாரம். காலை 10.30-க்கு மேல், மதியம் 3 மணிக்குள். அதற்குப் பிறகு தங்கச்சிமடம், தேவிபட்டினம், ஏர்வாடி என்று பஸ் பிடிக்க வேண்டியவர்களின் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள் தொடங்கும், அதனால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

வளாகத்தில் செல்போன் தடை உள்ள கல்லூரியில் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வகக் கணினியை வைத்து ஆடலாம், அலமாரிக்கு மட்டும் துண்டுச் சீட்டோடு அனுப்பலாம். எல்லோரிடமும் போன் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் அப்பாவும் தம்பியும் பகிர்கிற ஒரே போன் உள்ள மாணவிகள் இந்தக் கரையில் நிறைய. அணிக்கு இரண்டு போன் போதும் என்பது நல்லதுதான், ஆனால் போன் வைத்திருப்பவர் எல்லா வேலையும் பார்க்க, மற்றவர் வேடிக்கை பார்ப்பார். தீவுக்குத் தீவு போன் கைமாற வேண்டும் என்பதை விதியாகவே அச்சிடுங்கள். அடுத்த தீவில் அதே கையில் போன் இருந்தால் இரண்டு நிமிடம் தாமதம்.

படங்களை 200 கேபிக்குக் கீழே சுருக்குங்கள். கியூஆர் குறியீடு மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் குழுவுக்கு இரண்டு நாள் முன்பு, விலை குறைந்த போனில், வைஃபை இல்லாமல், இரண்டாமாண்டு மாணவர் நால்வரை விட்டு முழுதாக ஆடிப் பாருங்கள். நூலக ஊழியரை வைத்துச் சோதிக்கக் கூடாது, அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் 551 எங்கே என்று தெரியும்.

பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி எதையும் ஃபார்மில் கேட்காதீர்கள். அணிப் பெயர் போதும். முதலாமாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது.

பரிசாகப் பேனா, கோப்பை வேண்டாம். வென்ற அணிக்கு அந்த செமஸ்டர் முழுவதும் ஒரு புத்தகம் கூடுதலாக எடுக்கும் உரிமை கொடுங்கள். நூலகத்துக்கு மறுபடி வந்தால்தான் அந்தப் பரிசை அனுபவிக்க முடியும். கடைசி அணியின் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள், முதல் மூன்று போதும்.

பலித்ததா என்று பார்ப்பது

"பிடித்திருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் பிடித்தது என்பார்கள். வகுப்பு தப்பியதே அவர்களுக்குப் பிடித்திருக்கும். நான்கு வாரம் கழித்துக் கோஹா அறிக்கையில் இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: முதலாமாண்டில் ஒரு புத்தகமாவது எடுத்தவர் எத்தனை பேர், தானாக ஓபேக்கில் ரினியூ செய்தவர் எத்தனை பேர். போன ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். மாணவர் சேர்க்கை எண்ணிக்கை மாறியிருந்தால் விழுக்காட்டில் பாருங்கள். ஃபார்ம்களில் நேர முத்திரை இருக்கும். எந்தத் தீவில் அணிகள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றன என்று அதில் தெரியும். அந்தக் கேள்வி கடினமா, அல்லது உங்கள் அலமாரியின் வழிகாட்டிப் பலகையே இல்லையா என்று நேரில் போய்ப் பாருங்கள். பல நேரம் பலகைதான்.

கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் ஆகஸ்டில் சேருகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே ஆடும் வடிவம் ஒன்று வையுங்கள். அப்பா தீவுக்குப் பதிலாக ஓர் அலமாரித் தட்டின் புகைப்படம்; ஆறு புத்தக முதுகு, ஒன்று மட்டும் இடம் மாறி நிற்கும், இடமிருந்து எத்தனையாவது என்பது விடை. குருசடையை மட்டும் அவர்கள் நேரில் வந்துதான் முடிக்க வேண்டும், கார்டு வாங்க வருகிற நாளில் அதையும் சேர்த்துவிடலாம்.